உப்புச் சாக்கில் வந்த கல்

என் வீட்டுக்காரர் ஜெரோமுக்கு வலை ராசியில்லை. மீஞ்சூர் பக்கம் ஓர் உரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து ஒரே பீற்றல்தான். கொதிக்கிற கரைசலைப் பெரிய கலத்தில் விட்டு, மெதுவாகக் கிண்டிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஆற வைப்பார்களாம். அவசரப்பட்டால் மாவாகப் போய்விடுமாம். பொறுமையாக ஆற விட்டால் கல்லுப்பை விடப் பெரிய கல்லாக வளருமாம். "புள்ள வளக்கிற மாதிரி செசிலியா" என்பார். பிள்ளை வளர்த்தது நான். அவருக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் அந்தக் கல்லில் ஒரு பிடி கொண்டுவந்து, டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தார். ஐஸ் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"ஆறும்போது விட்ட சூட்ட, கரையும்போது திரும்ப இழுத்துக்கும்" என்றார்.

ருசி பார்க்கலாமென்று வாயருகே கொண்டுபோனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "உப்புனு நெனச்சியா? வயித்துல போனா ரத்தம் கெட்டுடும், உதடு நீலமாயிடும். எப்சிபா இது கிட்டவே வரக்கூடாது, சொல்லிட்டேன்."

எப்சிபா எங்கள் மகள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

இவ்வளவு தெரிந்த மனிதர் என்ன செய்தார், கேளுங்கள். திருப்பாலைவனம் ஊரில் நெல் போட்டிருக்கும் சிநேகிதர் தேவேந்திரன் கேட்டாரென்று அதிலேயே ஒரு மூட்டை வாங்கிவந்தார். வண்டியிலிருந்து இறக்கும்போது பை கிழிந்தது. கைக்கு எட்டிய எங்கள் காலி உப்புச் சாக்கில் கொட்டி, வாசலோரம் சாத்தி வைத்துவிட்டார். நான் போட்ட கத்தலுக்கு, "நாளைக்கு ஷிப்டு முடிஞ்சி வந்து எடுத்துனு போறேன்டி, சும்மா இரு" என்று கிளம்பிப் போனார்.

விடிந்ததும் ஏரியில் மடவை மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எங்கள் குப்பத்தில் மீன் மிதமிஞ்சி வந்த நாளில் உப்புக்குச் சொந்தக்காரர் கிடையாது. எந்த வாசலில் சாக்கு இருக்கிறதோ அதில் அள்ளிக்கொள்வோம். கேட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள், நம்மை வேற்றாளாக நினைக்கிறாளே என்று. பாழாய்ப்போன சாக்கு எனக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பழவேற்காடு மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

திரும்பும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து வீட்டு மனோரமா வாசலில் பெரிய தொட்டி வைத்து, உப்புத் தண்ணீரில் மடவையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே இன்னும் ஒரு கூடை மீன். பாவம், ஒண்டியாகக் கிடந்து அல்லாடுகிறாளே என்று நானும் கையை விட்டேன்.

கை விறைத்துப்போகிற மாதிரி ஜில்லிட்டது. இந்த வெயிலில்.

"ஐஸ் போட்டியாடி?"

"ஐஸுக்கு நான் எங்கக்கா போவேன்? வெறும் உப்புதான். இப்பதான் ரெண்டாவது தபா அள்ளிப் போட்டேன்."

"எந்த உப்பு?"

"உங்க வாசல்ல கீற சாக்குதான். கல்லு கல்லா சூப்பரா கீதுக்கா. எங்க வாங்கின?"

அப்போதுதான் ஜெரோம் கொட்டி வைத்த சாக்கு ஞாபகம் வந்தது. அவள் மேலும் ஏதோ பேசினாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினேன். மீனும் தண்ணீரும் மணலில் ஓடின.

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?" மனோரமா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நாலு காசு பாக்கப் போறேன்னு காண்டா?"

"அது உப்பு இல்லடி, உரம். வெஷம். யாராவது தின்னீங்களா? உன் புருஷன் தின்னானா? பசங்க?"

அவள் கை தானாக விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. "இல்லக்கா. எங்க வூட்ல யாரும் வாயில வெக்கல."

மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டேன். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு குடும்பம் பிழைத்தது. ஜெரோம் வரட்டும், இன்றைக்கு அவருக்கு இருக்கிறது என்று பல்லைக் கடித்தேன்.

மனோரமா மட்டும் அசையாமல் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"உப்புக்காரி வூட்டுக்குக் குடுக்காம நாங்க எப்படிக்கா தின்றது?" என்றாள். "ஊறின முதல் மீன எப்சிபா கையிலதான் குடுத்தேன். ஆசயா வாங்கினா."

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன், தெரியாது. மனோரமா பின்னாலேயே, ஆட்டோ ஆட்டோ என்று கத்திக்கொண்டே வந்தாள்.

அடுப்படியில் எப்சிபா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் முள் மட்டும்.

"ஏம்மா இப்படி ஓடியாற?" என்று சிரித்தாள். "மனோரமாக்கா மீன் குடுத்தாங்க. வறுத்தேன். வித்தியாசமா இருந்துதும்மா, நாக்கெல்லாம் ஜில்லுனு."

அவள் உதட்டைப் பார்த்தேன்.