பச்சைக் கறை

அடுத்தவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உண்டு, வண்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உண்டு. ஜீவானந்தம் அடுத்தவன் துணியில் இருந்த கறையைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். சிரிக்காதீர்கள். அவன் நிலைமையில் இருந்தால் உங்களுக்கும் வயிறு எரியும்.

படப்பையைத் தாண்டி இருந்த அவன் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட ஒரே கொடிதான். ஒரு பாதி வீட்டுக்காரனான அவனுக்கு, மறு பாதி மாடி ரூமில் வாடகைக்கு இருந்த மணிகண்டபிரபுவுக்கு. திங்கட்கிழமை காலையில் இரண்டு பாதியிலும் கோல் கீப்பர் ஜெர்சி ஒன்று தொங்கும். ஆமாம், இரண்டு பேரும் கோல் கீப்பர்கள்தான், வேறு வேறு கம்பெனிக்கு. ஜீவானந்தத்தின் ஜெர்சி முழுக்க ஏரிச் சேறு. மணியின் ஜெர்சி பளிச்சென்று இருக்கும். முழங்கைப் பக்கம் மட்டும் பச்சையாக இரண்டு தீற்றல். புல்தரையில் விழுந்து புரண்ட கறை அது.

"மேல் ரூம் தம்பி துணி அலசுறதே தெர்ல. உன்னுது அலசுனா பக்கெட்ல பாதி ஏரி நிக்குது" என்பாள் மஞ்சுளா. அவள் வெள்ளந்தியாகத்தான் சொல்வாள். கட்டிய புருஷனுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கு என்ன தெரியும்? யாரும் பார்க்காத நேரத்தில் ஜீவானந்தம் அந்தப் பச்சைத் தீற்றலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பான். எனக்கு ஒரு நாளாவது இந்தக் கறை படாதா என்று நினைப்பான்.

ஒரகடத்தில் அவன் வேலை பார்த்த கம்பெனிக்கும் மைதானம் என்று ஒன்று இருந்தது. இருந்தது என்பதோடு சரி. ஏரிப் பக்கமாகக் காம்பவுண்டுக்குப் பின்னால் கிடந்த களிமண் பூமி. அங்கே இரண்டாவது ஷெட் வரப்போகிறதாம், அதனால் புல் போடுவது வீண் செலவாம். எட்டு வருடமாக இதையே சொல்கிறார்கள். ஷெட்டும் வரவில்லை, புல்லும் வரவில்லை. வார நாளில் கார் ஏற்றும் டிரெய்லர்கள் அங்கேதான் நிற்கும். ஒரு மழைக்காலத்தில் ஒரு டிரெய்லர் கோல் போஸ்டுக்கு முன்னாலேயே புதைந்து, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். டிரெய்லர் போய்விட்டது, பள்ளம் மட்டும் போகவில்லை. செம்மண் கொட்டினார்கள், செங்கல் உடைத்துப் போட்டார்கள். எதைப் போட்டாலும் அடுத்த மழைக்கு உள்வாங்கிக்கொண்டது.

அந்தப் பள்ளத்தில் இறங்குகிற பந்து ஒழுங்காக வெளியே வராது. எதிர் விளிம்பில் மோதி, கீப்பரின் இடது தோளுக்கு மேலே துள்ளும். மற்ற இடங்களும் லேசுப்பட்டவை அல்ல. தரையோடு யாராவது பாஸ் கொடுத்தால் கேப்டன் ராஜசேகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தூக்கி அடிங்கடா! இந்தத் தரைய நம்பாதீங்கடா!" என்று கத்துவான். அப்படியே பழகிப்போன டீம் வெளி மைதானத்துக்குப் போனாலும் தூக்கித்தான் அடித்தது. எதிராளி தரையோடு நாலு பாஸ் போட்டு நடுவில் புகுந்து போய்விடுவான். எட்டுக் கம்பெனி லீகில் வருடா வருடம் ஆறாவது இடம், இல்லாவிட்டால் ஏழாவது.

பழி மட்டும் கீப்பருக்கு. "இன்னா ஜீவா, நேத்தும் பள்ளமா?" என்று தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கேட்டுச் சிரிப்பார்கள். அவன் வாங்கிய பத்து கோலில் ஏழு உண்மையிலேயே பள்ளத்தால் வந்தவை. மீதி மூன்றையும் அவன் பள்ளத்தின் தலையிலேயே கட்டினான் என்பதும் உண்மை.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த மணியின் கம்பெனியிலோ மேனேஜருக்குப் பந்து என்றால் உயிர். காலையும் மாலையும் குழாய் சுற்றிச் சுற்றிப் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும். ஜீவானந்தத்தின் தெருவில் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். "புல்லுக்கு இருக்கற மவுசு மனுஷனுக்கு இல்ல" என்று பஸ்ஸிலிருந்து பார்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பான். அந்தப் புல்லை எனக்குக் கொடு, நான் யாரென்று காட்டுகிறேன் என்பதுதான் அவன் மனதில் ஓயாமல் ஓடிய பேச்சு.

அந்த வருடம் கோயம்புத்தூரில் தொழிற்சாலை அணிகளுக்கு ஒரு பெரிய போட்டி அறிவித்தார்கள். இந்தப் பக்கத்து எட்டுக் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே அணி, கீப்பருக்கு ஒரே இடம். ஆளைப் பொறுக்க வந்தவர் வெங்கடேசன், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர், வாய் சிக்கனமானவர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஜீவானந்தத்துக்கு அடுத்த ஆடியில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த வருடம் இல்லையென்றால் இனி எந்த வருடமும் இல்லை. மணிக்கோ இருபத்துமூன்றுதான்.

முதல் ஆட்டம் ஜீவானந்தத்தின் மைதானத்தில், மணியின் கம்பெனியோடு. அன்று காலையில் ஜீவானந்தம் ஒரு காரியம் செய்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டான். பையன் முகத்தில் சோப்போடு நிற்கட்டும் என்ற நல்லெண்ணம். மஞ்சுளா மறுபடி போட்டுவிட்டாள்.

மணி கீழே இறங்கி வந்து, "அண்ணே, வண்டியிலதான் போறேன். ஏறுங்க, சேந்தே போயிருவோம்" என்றான்.

"நீ போப்பா. எனக்கு ஜோலி கீது" என்ற ஜீவானந்தம் ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

பள்ளம் இருக்கும் கோலில் முதல் பாதி மணி நின்றான். இருபதாவது நிமிடம் ராஜசேகர் அடித்த பந்து தரையோடு உருண்டு வந்தது. மணி அழகாகக் குனிந்தான். பந்து பள்ளத்தில் இறங்கி, எகிறி, அவன் தோளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. ஜீவானந்தத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அனுபவிடா ராசா, எட்டு வருஷமா நான் பட்டது இதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது பாதியில் அந்தக் கோல் அவனுக்கு வந்தது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அதேபோல ஒரு பந்து. அது பள்ளத்தைத் தொடுவதற்கு முன்பே ஜீவானந்தம் இடப்பக்கம் மேலே, வெறும் காற்றில் பாய்ந்தான். பந்து துள்ளி அவன் கைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. கூட்டம் விசிலடித்தது. ஒன்றுக்குப் பூஜ்ஜியம், ஜெயித்துவிட்டார்கள். வெங்கடேசன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெங்கடேசன் நேராக மணியிடம் போனார். தோளில் கையைப் போட்டார். பத்து நிமிடம் தனியாக நின்று பேசினார். ஜெயித்தவன் இங்கே சேறு பூசி நிற்கிறான், தோற்றவனுக்குத் தோளில் கையா? ஜீவானந்தத்துக்குத் தலை சூடேறிவிட்டது.

வெங்கடேசன் பைக்கை எடுக்கும்போது போய் மறித்தான். "சார், இந்தக் குழியில பாத்து ஆள எட போடாதீங்க. அடுத்த மேட்ச் அவனுங்க புல்லுல. அங்க வந்து பாருங்க. அப்ப தெரியும் யாரு கீப்பர்னு."

"அதெல்லாம் எதுக்குப்பா? இது வரைக்கும் பார்த்தேன்ல."

"ஏன் சார், புல்லுல பாக்க அவனுக்கு மட்டுந்தான் கொடுப்பினையா? நீங்க வந்தே ஆவணும்."

வெங்கடேசன் பைக்கை உதைத்துக் கிளப்பினார். "சரி, நீயே கேக்கற. வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுவில் இரண்டு வாரம். மணி ஒருநாள் சாயங்காலம் புதுக் கிளவுஸ் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து நீட்டினான். "கம்பெனியில ரெண்டு ஜோடி குடுத்தாவண்ணே. ஒண்ணு நீங்க வச்சிக்கிடுங்க. இனிமே உங்களுக்குத் தேவப்படும்."

பிச்சை போடுகிறானா என்று ஜீவானந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மஞ்சுளாதான் வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பிரிக்காமல் அங்கேயே கிடந்தது.

புல்தரைக்கு வந்தான் ஜீவானந்தம். பூட்ஸ் போடும் முன் வெறுங்காலோடு நாலடி நடந்து பார்த்தான். உள்ளங்காலில் கூச்சம். ஆட்டம் தொடங்கியதும் ராஜசேகர் வழக்கம்போல "தூக்கி அடிங்கடா" என்றான். எதிராளிகள் தரையோடு பாஸ் போட்டு அவர்களை மைதானம் முழுக்க அலைய வைத்தார்கள். ஆனால் கோல் மட்டும் விழவில்லை, காரணம் ஜீவானந்தம். மேலே வந்ததை எல்லாம் தட்டினான். இந்தப் பக்கம் விழுந்தான், அந்தப் பக்கம் விழுந்தான். விழுந்தால் வலிக்கவில்லை! செங்கல் துண்டு இல்லை, தோல் உரியவில்லை. எழுந்தபோது முழங்கையில் பச்சை. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கோட்டுக்கு வெளியே வெங்கடேசன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுபதாவது நிமிடம் அந்தப் பந்து வந்தது. அடித்தவன் கால் சரியாகப் படவில்லை. தரையோடு, மெதுவாக, நேராக அவனைப் பார்த்தே உருண்டு வந்தது. குழந்தைகூடப் பிடித்துவிடும். குனிந்து அள்ளினால் முடிந்தது. அவன் கண்ணுக்கும் அது தெரிந்தது. ஆனால் ஆறு கெஜத் தூரத்தில், அவன் மைதானத்தில் பள்ளம் இருக்கும் அதே இடத்துக்குப் பந்து வந்தபோது உடம்பு அவனைக் கேட்கவில்லை. இடப்பக்கம் மேலே பாய்ந்துவிட்டது. பந்து துள்ளவில்லை. எதற்குத் துள்ளும்? அவன் நின்றிருந்த இடத்தின் வழியே நேராக உருண்டு கோட்டைத் தாண்டி, வலையைக்கூடத் தொடாமல் நின்றது.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரித்தார்கள். சொந்த டீம் ஆட்களே சிரித்தார்கள். அதைச் செல்போனில் பிடித்தவனும் இருந்தான்.

விசில் ஊதியதும் எதிர்க் கோலிலிருந்து மணி ஓடிவந்தான். "அண்ணே, பள்ளம் இருந்திருந்தா நீங்க புடிச்சிருப்பீய. எனக்குத் தெரியும்ணே" என்றான். அங்கே ஆடியவர்களிலேயே விஷயம் புரிந்தவன் அவன் ஒருவன்தான். அத்தனை பேர் சிரித்ததைவிட அதுதான் ஜீவானந்தத்தால் தாங்க முடியவில்லை.

வெங்கடேசன் மெதுவாக நடந்து வந்தார். நோட்டைத் திறந்து காட்டினார். கீப்பர் என்று எழுதி, பக்கத்தில் ஜீவானந்தம் என்று எழுதி, அதன்மேல் இப்போதுதான் போட்ட ஒரு கோடு, கீழே மணியின் பெயர்.

"அன்னைக்கே எழுதிட்டேன்யா. பந்து துள்றதுக்கு முன்னாடி பாய்ஞ்ச பாரு, அப்பவே."

"அப்ப அந்தப் பையன் தோள்ல கையப் போட்டுக்கினு..." என்றான் ஜீவானந்தம்.

"அழுதுக்கினு இருந்தான்யா. இந்த வருஷம் ஜீவானந்தம் போவட்டும், உனக்கு வயசு கீது, லிஸ்ட்டு வர வரைக்கும் வெளிய சொல்லாதேன்னு சொன்னேன். அதுக்கு அவன், எங்க வீட்டுக்கார அண்ணந்தான் சார், ரொம்ப சந்தோசம்னான்." அவர் நோட்டை மூடினார். "கோயம்புத்தூர்ல புல்லுதான். கேம்ப்ல பதினஞ்சு நாள் போட்டுப் பழக்கியிருப்பேன், இந்தக் கோளாறு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப எட்டுக் கம்பெனி ஆளும் பாத்துட்டான். நான் எப்படிக் கூட்டிக்கினு போறது? உன்னை யாருய்யா இங்க ஆடிக் காட்டச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்பதுதான் பதில்.

மறுநாள் காலை மஞ்சுளா தோய்க்கிற கல்லில் ஜெர்சியைப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா கறை இது? சேறாவது நாலு தண்ணியில போவும். இது எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது."

மாடிப்படியிலிருந்து மணி எட்டிப் பார்த்தான். "எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேயிங்கக்கா. போயிரும்."

ஜீவானந்தம் உள்ளே போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த கிளவுஸை எடுத்தான். படியேறிப் போய் அவன் கையில் வைத்தான்.

"அண்ணே, இது உங்களுக்குக் குடுத்தது."

"கோயம்புத்தூருக்கு ரெண்டு ஜோடி வேணும். வச்சிக்கோ."

மணி தலையைக் குனிந்துகொண்டான். "எம்மேல கோவமாண்ணே?"

"வயிறு எரியுதுடா" என்றான் ஜீவானந்தம். "பொய் சொல்ல மாட்டேன். நேத்தும் எரிஞ்சது, இன்னிக்கும் எரியுது, நீ போயிட்டு வந்தாலும் எரியும். அதுக்காக நீ அங்க போயி கோல் வாங்கிக்கினு வந்தே, ரூமைக் காலி பண்ண வச்சிடுவேன்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டான்.

மஞ்சுளா அலுத்துப்போய் ஜெர்சியைப் பிழிந்து நீட்டினாள். எலுமிச்சம்பழம் வீட்டில் இல்லை. அவனே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் தன் பாதியில் போட்டான். முழங்கைப் பக்கம் இரண்டு பச்சைத் தீற்றல், எட்டு வருடமாக ஆசைப்பட்டது. ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு ஜெர்சியை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரிகிறமாதிரி திருப்பிப் போட்டுவிட்டு, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பினான்.