மூன்று படித் தெரு

அந்தத் தெருவில் மூன்று படிகள் இருக்க வேண்டும். படிகளை ஒட்டிச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் இறங்க வேண்டும். குழாயடியில் தேங்கும் தண்ணீரில், சிவப்பு ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு குழந்தை தினமும் குதித்துவிட்டுப் போக வேண்டும். அவனிடம் இருந்த அடையாளம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு பெருநகரத்தையே சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தான்.

மூன்று படித் தெரு என்பது அவன் மனைவி வைத்த பெயர். இந்த ஊர்ப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் தெருவுக்குத் தெரு அவளே பெயர் சூட்டிக்கொண்டாள். முன்னங்கால் இரண்டும் கறுப்பாக ஒரு வெள்ளை நாய் திரிவது சாக்ஸ் நாய்த் தெரு. கைத்தடியின் அடியில் ரப்பர் இல்லாமல் ஒரு கிழவர் தட்டிக்கொண்டு போவது டக்டக் தெரு. எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் இப்போது இல்லை.

இன்னும் சில நாட்களில் அவன் இந்த ஊரைவிட்டுப் போகிறான். வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் மூன்று படித் தெருவைக் கண்டுபிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புவதாக மாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

மாமியார் அதிகம் கேட்கிறவர் இல்லை. மகளின் உடல் ஊருக்கு வந்தபோதுகூட அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் இந்த நகரத்துக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் போனில் கேட்டார்.

"போக மாட்டேன், பயமா இருக்குன்னு அழுதவளை நான்தான் மாப்பிள்ளை கட்டாயப்படுத்தி அனுப்பி வெச்சேன். அப்புறம் பார்த்தா, கால்ல சக்கரம் கட்டின மாதிரி ஊரைச் சுத்தியிருக்கா. போன் பண்ணா தெருக்கதைதான். அது ஒண்ணை நினைச்சுத்தான் எனக்குச் சோறு இறங்குது. அவ நடந்த தெருவை ஒரு தடவை நான் பார்த்துக்கிறேனே."

சரி அத்தை என்றான். அன்றே நடக்க ஆரம்பித்தான்.

வேலை முடிந்ததும் நடந்தான். லீவு நாளில் காலையிலேயே கிளம்பி நடந்தான். பாலத்துக்கு அடியில் மூத்திர நாற்றமடிக்கும் பாதைகளில் நடந்தான். டயர் கடைகளாகவே இருந்த ஒரு தெருவில், கறுப்புத் தூசு மூக்கில் ஏற ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வந்தான். ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகளுக்கு நடுவே, வந்த வழியே தெரியாமல் சுற்றினான். படி கண்ட இடத்தில் நின்று எண்ணினான். எல்லாம் அதிகமாக இருந்தன, அல்லது குழாய் இல்லை. ஒரு வீட்டு வாசலை அவன் உற்றுப் பார்ப்பதைக் கண்டு ஒரு பெண் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இன்னொரு இடத்தில் ஒரு கடைக்காரர் வெளியே வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொல்ல அந்த மொழியில் அவனிடம் வார்த்தை இல்லை. தமிழிலும் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

சக ஊர்க்காரன் ஒருவனிடம் கேட்டுப் பார்த்தான். பார்சல் வேன் ஓட்டுகிறவன். நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி என்பதால் அவனுக்கு ரூட்டு என்றே பெயர். ரூட்டு அடையாளங்களை முழுக்கக் கேட்டான். கண்ணை மூடி மனசுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"மூணு படி, தண்ணிக் குழாய், சிவப்பு பூட்ஸ்... டேய், இது தெரு இல்லடா, சினிமா செட்டு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் போனால் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தான். எந்தப் பக்கம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் நடக்க ஆரம்பித்ததே அவன் பேச்சால்தான். அவன் என்ஜினீயரிங் படித்துவிட்டுப் பாட்டில் தொழிற்சாலையில் இருந்தான். ஓடும் பெல்ட்டில், வெளிச்சத்துக்கு முன்னால் வரும் கண்ணாடிப் பாட்டில்களில் விரிசல் பார்த்து ஒதுக்குகிற வேலை. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவான். கல்யாணமாகி அவள் வந்த புதிதில் எந்நேரமும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அலுப்போடு வந்தவன் எரிந்து விழுந்தான். நாலு சுவருக்குள் உட்காருவதற்கு ஊரிலேயே இருந்திருக்கலாமே என்றான். கொஞ்ச நாளில் கதைகள் ஆரம்பித்தன.

"ஏங்க, இன்னைக்கு டக்டக் தெருவுக்குப் போனேன். அந்தத் தாத்தா தடிக்கு இன்னும் ரப்பர் போடல. வீட்ல யாராவது சொல்லக் கூடாதா?"

"ஏங்க, ஹை ஹீல்ஸ் அம்மா இன்னைக்குச் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு வெறுங்காலோட போறாங்க. குதிகால் எல்லாம் கொப்புளம். பாவம்."

அவள் கதையில் வருகிறவர்களுக்குக் கால் இருக்கும், முகம் இருக்காது. அவளுடைய அப்பாவுக்குச் செருப்புக் கடை. சிறுவயதிலிருந்து கடையில் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் காலையே பார்த்து வளர்ந்தவள். முதன்முதலில் அவனைப் பார்த்தபோதும் முகத்தைப் பார்க்கவில்லை. இடது குதிகாலைத் தேய்த்து நடக்கிறவர் என்றுதான் வீட்டில் சொன்னாளாம். அதனால் அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் மூஞ்சியே கிடையாதா?"

"மூஞ்சி எல்லாம் ஒண்ணு போலத்தாங்க இருக்கு. செருப்புதான் ஆளுக்கு ஆள் மாறுது."

நடப்பதற்கென்று அவள் அப்பா நல்ல ஷூ ஒன்று அனுப்பியிருந்தார். இவ்வளவு நடந்தும் அடிப்பாகம் தேயவில்லையே என்று அவன் ஒருமுறை கேட்டான். எங்கப்பா கடைச் சரக்கு தேயுமா என்று திருப்பிக் கேட்டாள். மாமனாரைப் பாராட்டிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

மூன்று படித் தெருவைக் காட்டு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பான். ரொம்ப தூரம், வாரம் பூராவும் நின்ன காலு, உங்களுக்கு வலிக்கும் என்பாள். பக்கத்துக் கடைக்குப் போனாலும் அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டே வருவாள். அவன் அதில் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொண்டான். இன்னொரு கர்வமும் உண்டு. அவன் நான்காவது மாடி ஏறி வந்து பெல்லில் கை வைப்பதற்குள் கதவு திறக்கும். மூச்சு வாங்க நிற்பாள். முகத்தில் ஈரம் இருக்கும். உடம்பில் சோப்பு வாசனை அடிக்கும். இப்பத்தான் நடந்துட்டு வந்தேன் என்பாள். இதை அவன் ரூட்டுவிடம் பெருமையடித்தபோது, "பொண்டாட்டியா, சிசிடிவியா?" என்று கேட்டான் ரூட்டு.

ஒருநாள் அவளுக்கு ஒரு கால் வீங்கியது. கெண்டைக்கால் கல் போல இருந்தது. பக்கத்து டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் பேசியது அவளுக்குப் புரியாது. பகலில் அதிகம் உட்கார்ந்தே இருக்கிறவரா என்று டாக்டர் கேட்டார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. உட்காருவதா, இவளா? நாள் முழுக்க நகரத்தைச் சுற்றுகிறவள் என்றான். சொன்ன பிறகு, ஒரு பேச்சுக்கு அவள் பக்கம் திரும்பினான்.

"நீ நிறைய நடப்பதானே?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"ஆமா."

நடந்து நடந்து தசை பிடித்திருக்கிறது, காலை ஆட்டாமல் ஓய்வு கொடுக்கட்டும் என்றார் டாக்டர். அவள் ஓய்வு கொடுத்தாள். கட்டிலில் காலை நீட்டியபடி அந்த வாரமும் இரண்டு கதை சொன்னாள். வாரம் முடிவதற்குள் மூச்சுத் திணறி விழுந்தாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நன்றாக நடமாடுகிற சின்ன வயசுக்காரருக்கு இப்படி ஏன் என்று கேட்டான். சில சமயம் காரணமே இருக்காது என்றார்கள். அந்தப் பதிலை அவன் பிடித்துக்கொண்டான். அவ்வளவு நாளும் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தான்.

அறையைக் காலி செய்யும் வேலை வந்தது. வீட்டுக்காரருடைய படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துணி துவைக்கும் மெஷின்கள் கட்டிடத்தின் தரைக்குக் கீழே இருந்தன. அவள் இருந்தவரை அவன் அங்கே போனதில்லை. அவள் போன பிறகு பக்கெட்டில் அலசிக் காலத்தை ஓட்டினான். விரிப்பு பக்கெட்டுக்குள் அடங்காது. மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

தாழ்ந்த கூரை. வரிசையாக மெஷின்கள். சூடான காற்றில் அந்தச் சோப்பு வாசனை. எங்கே முகர்ந்தது என்று யோசித்தபடி மூட்டையை இறக்கி, விரிப்புகளை ஒரு மெஷினில் போட்டு ஓடவிட்டான். கட்டிடம் கூட்டித் துடைக்கும் அம்மாள் ஒரு மூலையில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அவரும் வேறெங்கிருந்தோ வந்தவர்தான். இருவரும் அந்த ஊர் மொழியை உடைத்து உடைத்துத்தான் பேச முடியும்.

உன் மனைவி சொந்த ஊருக்குப் போய்விட்டாளா என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரோரம் கையைக் காட்டினார்.

அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அதில் மெத்தைக்குப் பதிலாக ஒரு துப்பட்டா நான்காக மடித்துப் போட்டிருந்தது. அவள் ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பச்சைத் துப்பட்டா. அது எங்கே போனதென்று பெட்டி கட்டும்போது தேடியிருக்கிறான். திரும்பி வந்தால் உட்காரட்டும் என்று தான் எடுக்கவில்லை என்றார் அந்த அம்மாள்.

போய்விட்டாள் என்றான்.

அந்த அம்மாள் வேலையைப் பார்த்தபடியே பேசினார். வந்த புதிதில் அவள் ஒருநாள் தனியாக வெளியே போனாள். வழி தெரியாமல் பெரிய சாலை ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். யாரும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த சாவியின் அட்டை நம் கட்டிடத்துடையது என்பதால் நான் அடையாளம் கண்டு கூட்டி வந்தேன். அதற்குப் பிறகு அவள் தெருவில் காலே வைக்கவில்லை. நீ வேலைக்குப் போனதும் இங்கே இறங்கி வந்துவிடுவாள். மேலே அறையில் தனியாக இருக்கப் பயம். இங்கே மெஷின் சத்தமாவது இருக்கும், நான் வந்து போவேன். நாள் முழுக்க இந்த நாற்காலியில்தான்.

சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை அவன் காலில் விழுந்தது. இடது குதிகால் சரிந்து தேய்ந்த கறுப்பு ஷூ. அவர் முகம் மலர்ந்தது.

"இந்தச் செருப்பா! இது ஜன்னலில் தெரிந்ததும் மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுவாள்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

எதிரே, கூரையை ஒட்டி, ஒரு நீண்ட குறுகலான ஜன்னல். தெருவின் தரை மட்டத்துக்கு இருந்தது. அவன் தினமும் இரண்டு வேளை கடந்த அதே தெரு. எதிர்ச் சுவரில் மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசல் தெரிந்தது. மூன்று படி. பக்கத்தில் தண்ணீர்க் குழாய். குழாயடியில் ஈரம். ரொம்ப தூரம் என்று நம்பித் தொலைவிலேயே தேடியவன், சொந்த வாசலில் நின்று படி எண்ணியதே இல்லை.

காத்திருந்தான். கால்கள் போயின. முழங்காலுக்கு மேல் யாருக்கும் எதுவும் இல்லை. டக், டக் என்று சத்தம் முதலில் வந்தது, பிறகு ரப்பர் இல்லாத தடி வந்தது. வெள்ளை நாய் வந்து கறுப்புக் காலைக் கண்ணாடியில் ஊன்றி உள்ளே பார்த்தது. யாரையோ தேடுவது போல மோந்தது, போய்விட்டது. மூன்று தெருவும் ஒரே தெரு. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

நீ நிறைய நடப்பதானே?

அப்படித்தான் கேட்டான். டாக்டர் கேட்டது வேறு. உட்கார்ந்தே இருப்பியா என்று கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? ஒருவேளை அப்போதும் மறைத்திருப்பாள். மறைக்காமலும் இருந்திருக்கலாம். அவன் கையில் இருந்த 'காரணமே இருக்காது' இப்போது இல்லை. தினமும் ஆயிரக்கணக்கான பாட்டிலை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறவன், அவளை அப்படிப் பார்க்கவில்லை.

சிவப்பு பூட்ஸ் வந்தது. இரண்டு காலையும் சேர்த்துத் தண்ணீரில் குதித்தது. போனை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்தான். வேறு படம் இல்லை. அனுப்பினான்.

உடனே போன் அடித்தது.

"இதேதான் மாப்பிள்ளை." மாமியார் குரல் உடைந்தது. "படி, குழாய், அந்தப் பிஞ்சுக் கால்... அவ சொன்னது அப்படியே. பக்கத்துல நின்னு பார்த்திருக்கா பாருங்க. ரொம்ப தூரமாமே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நடந்து போனேன் அத்தை."

"சந்தோஷமாத்தானே இருந்தா?"

மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மாமியாரின் மூச்சு கேட்டது.

"ஆமா."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இனி ஊருக்குப் போய் அந்த வீட்டில் ஒவ்வொரு முறையும் இதையே சொல்ல வேண்டும் என்று. அவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். தெருவில் என்ன கடை, என்ன மரம், அவளைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா என்று கேட்பார். அவள் கதையில் இல்லாத முகங்களையும் வைத்துச் சொல்ல வேண்டும்.

மெஷின் நின்று கூவியது. விரிப்பை எடுத்துக் காயப் போட வேண்டும். ஜன்னலில் வேலை முடிந்து வருகிறவர்களின் ஷூக்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. அவன் ஒவ்வொரு இடது குதிகாலாகப் பார்த்தான். உட்கார்ந்த வாக்கில் கால் மரத்துப்போகத் தொடங்கியது. எழுந்து உதறினால் சரியாகிவிடும். அவன் எழுந்திருக்கவில்லை.