காணாமல் போன மூன்று கிலோ

விழுப்புரம் அலுவலகத்துக் கணினி சொன்னபடி, காணைப் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் நூற்று நாற்பத்தொரு பேரும் மூன்று மாதத்தில் இளைத்துப்போயிருந்தார்கள். சராசரியாக ஆளுக்கு மூன்று கிலோ. பஞ்சம் வந்தால்கூட ஒருத்தி விடாமல் இளைக்க மாட்டார்கள். அவர்கள் அத்தனை பேரையும் எடை போட்டது இருதயசெல்வி.

"கண்டாச்சிபுரம் சைடுல எல்லாம் கரெக்டா இருக்குது. உங்களோடதுல மட்டும் ஏன் இப்படி?" என்றான் சித்தார்த்தன். வந்து சேரும் எண்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. "வூட்ல உக்காந்துக்கினே போட்டுட்டீங்களா?"

இருதயசெல்விக்கு முப்பத்தாறு வயது. ஐந்து வருடமாகத் திண்டிவனத்திலிருந்து இந்த மருத்துவ ஆய்வு மையத்தின் களப்பணிக்குத் தினமும் வந்துபோகிறாள். இதுவரை அந்த மையம் வெளிநாட்டுக்காரர்கள் கேட்ட கேள்விக்கு ரத்தமும் சளியும் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், உடம்பு தேறுகிறதா என்பதுதான் அது சொந்தமாகக் கேட்ட முதல் கேள்வி. அதில் அவள் பொய் எழுதினாள் என்று பேர் வந்தால் ஒப்பந்தம் நீளாது. இனி வேறு எவனும் அவளை நம்பி ஒரு தாளைக் கொடுக்க மாட்டான்.

"திங்கக்கிழமை டாக்டரம்மா மீட்டிங். காரணம் இல்லன்னா உங்க நம்பர் மொத்தத்தையும் தூக்கிருவோம்."

"காரணத்தோட வர்றேன் சார்" என்றாள். காரணம் அவளிடம் இல்லை.

சனிக்கிழமை எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு காணைக்குப் பக்கத்தில் ஒரு காலனிக்குப் போனாள். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்து முதல் சுற்று எடையை எல்லோரும் அங்கன்வாடியில்தான் போட்டார்கள். நடவு நேரத்தில் பெண்கள் அங்கே வர மாட்டார்கள் என்று தெரிந்து, ஆறாம் மாதத்து இரண்டாம் சுற்றில் வீடு வீடாக ஏறி இறங்கியது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அங்கன்வாடியிலேயே உட்கார்ந்து, வந்தவரை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அம்சா கைக்குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். ஜமக்காளத்தை நாலாக மடித்துத் தரையில் போட்டு, மிஷினை வாங்கி அதன்மேல் வைத்தாள். பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு ஏறி நின்றாள். நாற்பத்தாறு புள்ளி ஒன்று.

"இன்னாக்கா இது பேஜாரா கீது? நேத்து மல்லாட்டை மூட்டை எடை போடுற மண்டி தராசுல ஏறுனேன். நாப்பத்தொம்போது காட்டுச்சு."

"மண்டித் தராச போய் நம்புறியா நீ?"

"யக்கா, அவன் கொறச்சிக் காட்டித்தான் கேள்விப்பட்டுக்கிறேன். என்னிக்காவது கூட்டிக் காட்டுவானா?"

இருதயசெல்வி சிரித்தாள். சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். மிஷினின் நான்கு கால்களும் ஜமக்காளத்தில் புதைந்திருந்தன. அதன் அடித்தட்டு துணியில் உட்கார்ந்திருந்தது.

"எறங்கு." ஜமக்காளத்தை உருவிவிட்டு மிஷினை வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தாள். "ஏறு."

நாற்பத்தொன்பது புள்ளி மூன்று.

மறுபடி ஜமக்காளம். மறுபடி தரை. ஆறு முறை ஏற்றி இறக்கி ஆறையும் நோட்டில் எழுதினாள்.

"போன வாட்டியும் விரிச்சியா?"

"எல்லார் வூட்லயும்தான் விரிச்சோம். எம்மாம் தூரத்துலேர்ந்து வர்ற, உன் மிஷின வெறுந்தரையில வெக்க வுடுவோமா?"

விரித்திருந்தார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலனி வீட்டில் விரித்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களை ஊர் மறப்பதில்லை. அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எளைக்கலியா?" என்றாள் அம்சா.

"இல்ல. கூடியிருக்குற."

"யக்கா, ஜல்தியா கெளம்பு. எளைச்சிட்டேன்னு சொல்லித்தான் மாமியாகிட்ட தெனம் ஒரு முட்டை வாங்கிக்கினு இருக்கேன். அது காதுல வுழப்போவுது."

திங்கட்கிழமை கூட்டத்தில் இருதயசெல்வி அதிகம் பேசவில்லை. அலுவலகத் தரையில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, மிஷினை வைத்து, "ஏறுங்க சார்" என்றாள். சித்தார்த்தன் எழுபத்துநாலு. தரையில் எழுபத்தெட்டு.

"ஜமக்காளமே இருக்கட்டும்" என்றான் அவன். ஆய்வின் தலைவி டாக்டர் அருணா வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி, எல்லாருக்கும் மூணு கிலோ கூட்டிப் போட்டுடலாம் மேடம்" என்றான் சித்தார்த்தன். சமாதானம் சொல்லும் குரல். ஒரு தலையசைப்பில் எல்லாம் முடிந்திருக்கும். அவள் வேலையும் தப்பியிருக்கும்.

"கூட்டாதீங்க" என்றாள் இருதயசெல்வி. "ஒருத்தி ரெண்டா மடிச்சா, ஒருத்தி நாலா மடிச்சா, ஒருத்தி பாய் போட்டா. யாருக்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. தூக்கிப் போடுங்க. ஏன் போட்டோம்னு மட்டும் எழுதுங்க."



"திரும்ப எடை எடுக்க முடியுமா?" என்று கேட்டார் டாக்டர் அருணா.

"எடுக்கலாம் மேடம். ஆனா அது ஆறாம் மாசக் கணக்கு ஆகாது. ஏழாம் மாசம்னுதான் எழுதணும்."

"அப்படியே எழுதுவோம். எப்படி எடை போடணும்னு எல்லாருக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. தமிழ்ல. உங்க பேர் போட்டு. அப்புறம், ஒப்பந்தத்தப் பத்திக் கவலைப்படாதீங்க. வேற என்ன வேணும்?"

"நான் அனுப்புற நம்பர் அதுக்கப்புறம் எங்க போவுதுன்னே எனக்குத் தெரியாது மேடம். வாரா வாரம் எனக்கும் காட்டுங்க. மொத வாரமே பாத்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

சித்தார்த்தன் சரியென்று தலையை ஆட்டினான்.

ஒரு மாதத்தில் நூற்று முப்பத்தாறு பேரை மறுபடி எடை போட்டாள். விரித்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள், மிஷின் தரையில் உட்கார்ந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் சித்தார்த்தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களைப் பார்த்தாள். அவனுக்கு அவை வரிசை எண்கள். அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் முகம் இருந்தது.

"இந்த எம்பத்தெட்டாம் நம்பர் இன்னும் அம்மா வூட்லதான் இருக்குது. அதான் ரெண்டு கிலோ ஏறியிருக்குது. இது மாமியா வூட்டுக்குத் திரும்பிடுச்சு, ஏறவே இல்ல பாருங்க." கொஞ்சம் யோசித்தாள். "அம்மா வூட்ல இருக்கறவங்களயும் மாமியா வூட்ல இருக்கறவங்களயும் தனித்தனியா பிரிச்சிக் காட்ட முடியுமா சார்?"

"அந்த விவரம் நம்மகிட்ட இல்லையேக்கா. கேள்வித்தாள்ல நாம அதைக் கேக்கவே இல்ல."

"எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா போதுமா? போய்க் கேட்டுத்தான் எழுதணும்."

சித்தார்த்தன் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான். "அப்ப கேள்விய நீங்களே டைப் பண்ணுங்க."

அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தாள். அவன் அவசரப்படுத்தவில்லை.