அறுநூறு கிலோமீட்டருக்கு ஒரு கையெழுத்து

சைக்கிளில் அறுநூறு கிலோமீட்டர் போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்குப் பெயர் விளையாட்டாம். ஜெயித்தால் என்ன தருவார்கள் என்று கேட்டேன்.

"இதுல ஜெயிக்கறதுன்னு ஒண்ணு கிடையாது. நாற்பது மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், அவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. தூங்காமல் உடம்பைக் கெடுத்துக்கொள்வது மட்டும் உண்டு.

இந்தக் கிறுக்கு எங்கள் வீட்டில் பிறந்ததல்ல. நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது. முன்னறையில் டோக்கன் கொடுத்து, கன்னம் வீங்கி வருகிறவர்களை உட்காரவைப்பது என் வேலை. பின்னறையில் மெழுகிலும் பீங்கானிலும் பொய்ப்பல் செய்வது அவர் வேலை. எங்கள் டாக்டருக்கு ஐம்பது வயதில் திடீரென்று ஞானோதயம் வந்து, கார் விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கினார். பழையதை இவர் தலையில் கட்டினார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"இது உலகம் பூரா பரவிக்கிட்டிருக்கும்மா. நாட்டுக்கு நாடு க்ளப். ரெண்டாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர்னு ஓட்டறாங்க" என்று நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே டாக்டர் என்னிடம் பெருமை அடிப்பார். அம்மைகூடத்தான் உலகம் பூராவும் பரவியது, அதற்கு யாரும் மெடல் குத்திக்கொள்ளவில்லை. நோயாளி பாவம், வாய் திறந்தபடி கண்ணை மட்டும் உருட்டுவார்.

இரண்டு மாதத்துக்கு முன் இவர் நானூறு முடித்து வந்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயிருந்தன. ஒரு நாளுக்கு மேல் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால் நரம்பு நசுங்காமல் கொஞ்சுமா? விரல் சரியாக மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் நான்கு பொய்ப்பற்கள் அவர் கையிலேயே உடைந்தன. நரம்பு வைத்தியர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "இன்னும் ரெண்டு தடவை இப்படிப் பண்ணினா விரல் திரும்பி வராது." பொய்ப்பல் செய்கிறவருக்கு விரல் போனால் பிழைப்பு ஏது? எங்கள் டாக்டரோ, "க்ளவுஸ மாத்திப் பாருப்பா" என்றார். அன்று மாலையே, "இப்படியே உடைஞ்சா நான் வேற ஆள் பாக்க வேண்டியதுதான்" என்று என் காதுபடவும் சொன்னார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

நான் அழுதேன், கத்தினேன், சமைக்காமல் இருந்து பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

"இருநூறு, முந்நூறு, நானூறு முடிச்சாச்சு. இந்த அறுநூறு ஒண்ணுதான் பாக்கி. முடிச்சிட்டா விட்டுடறேன், உன்மேல சத்தியம். முடிக்கலேன்னா, முடிக்கிற வரைக்கும் ஓட்டுவேன்."

நான்காவது கிலோமீட்டரிலேயே டயர் வெடிக்கட்டும் என்று சபித்துக்கொண்டிருந்த நான், அந்த ஒரு வார்த்தையால் கட்சி மாறினேன். முடித்துத் தொலைக்கட்டும், அந்தக் கையாவது எனக்கு மிஞ்சட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டாக்டரும் இவருமாகக் கிளம்பினார்கள். ஞாயிறு காலை பத்து மணி கெடு. வழியில் அங்கங்கே கார்டில் முத்திரை வாங்கி, கடைசியில் அதை ஒப்படைக்க வேண்டும். முடிவிடம் ஒரு பேட்மிண்டன் கூடத்தின் வாசல். நான் எட்டு மணிக்கே போய் நின்றேன். டாக்டர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். நூறாவது கிலோமீட்டரில் முட்டி பிடித்துக்கொண்டதாம். டிரைவரை வரச்சொல்லி காரில் ஏறி, வீட்டில் இரண்டு இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு கைதட்ட வந்திருந்தார்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு இவர் வந்தார். பிரேக் பிடிக்க முடியாமல் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினார். உதடு வெடித்திருந்தது. முகம் நிறையச் சிரிப்பு. நான் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையிலும் விரல்கள் கொக்கிபோல வளைந்து நின்றன.

மேஜை போட்டுக் கார்டுகளை வாங்கிக்கொண்டிருந்த கார்டுக்காரர் எல்லா முத்திரையையும் சரிபார்த்தார். "கீழ ஒரு கையெழுத்து போடுங்க சார். ஓட்டினவங்களே போடணும். பத்து மணிக்குள்ள போட்டாத்தான் கணக்கு."

இவர் பேனாவை எடுத்தார். விழுந்தது. இடது கையால் எடுத்தார், அதுவும் விழுந்தது. குனிந்து பல்லால் கவ்விப் பார்த்தார், எச்சில் ஒழுகியதுதான் மிச்சம். மணி ஒன்பது ஐம்பத்தேழு.

"விடுப்பா" என்று டாக்டர் முதுகில் தட்டினார். "அடுத்த மாசமே இன்னொரு அறுநூறு இருக்கு. ஜாலியா ஓட்டிக்கலாம்."

அடப்பாவி! இன்னொரு அறுநூறா?

இவர் என்னைப் பார்த்தார். "நீ போடேன். என் கையெழுத்த என்னவிட நீ நல்லாப் போடுவியே."

"ஓட்டினவங்கதான் போடணும்னாரே?"

கார்டுக்காரர் நல்லவர்போல. "நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டேன். வளைவு, சுழி, அடியில் ஒரு கோடு, எல்லாம் அச்சு அசல் அவருடையது. போட்டு முடித்ததும் கூட்டம் கைதட்டியது. இவரால்தான் தட்ட முடியவில்லை. ஒழிந்தது சனியன் என்று நான் மூச்சு விட்டேன்.

கார்டுக்காரர் கார்டை உறையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "வாழ்த்துகள் சார். ஒரே வருஷத்துல நாலும் முடிச்சிட்டீங்க. இப்ப வெளிநாட்டு ஆயிரத்து இருநூறுக்குத் தகுதி வந்தாச்சு. எல்லா நாட்டுலேருந்தும் வர்றாங்க, இடம் வேகமா நிரம்புது. இன்னிக்கே பேர் குடுத்துடறீங்களா?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண்களில் சத்தியமும் இல்லை, நானும் இல்லை.

"என்னங்க, விட்டுடறேன்னீங்களே?"

"இது ஒண்ணே ஒண்ணும்மா. இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?"

விண்ணப்பம் மேஜைக்கு வந்தது. அதிலும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பேனாவை இடுக்கி எடுத்து, கும்பிடுகிற மாதிரி என்னிடம் நீட்டினார்.

வாங்கி இரண்டாக முறித்து அவர் காலடியில் போட்டேன்.

கார்டுக்காரர் முகம் சுளிக்கவில்லை. அவருடைய டப்பா நிறையப் பேனா இருந்தது. இன்னொன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.