மூன்றாவது இழுப்பு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கடலோரப் பாறையில் ஏறிய ஒருத்தியின் கதை சொல்கிறேன். சிரிக்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அதை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அவள் புருஷன் மின்கம்பம் ஏறுகிறவன். எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொள்வதால் அவனுக்குப் பல்லி என்றே பெயர். விடுமுறை நாளில் இருவரும் கடலை ஒட்டிய செங்குத்துப் பாறைக்குப் போவார்கள். அவன் முதலில் ஏறி உச்சியில் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். மறுமுனை அவள் இடுப்பில். அலைச்சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் மேலிருந்து இரண்டு இழுப்பு வந்தால் ‘ஏறி வா’ என்று அர்த்தம். பல்லி மட்டும் கூடவே குட்டியாக மூன்றாவதும் இழுப்பான். ‘சாப்பாட்டுப் பையைக் கீழேயே விட்டுட்டு வந்துடாதே’ என்று அதற்கு அர்த்தமாம். ஒரே ஒரு தரம் விட்டுவிட்டாள், பாவம், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டினான்.

பக்கவாதம் வந்து படுத்தபின் அவனுக்கு அவளைத் தெரியவில்லை. ஊட்டுகிற கையையும் ஜன்னல் திரையையும் ஒரே மாதிரி பார்த்தான். தானாக ஏதாவது ஓர் அடையாளம் காட்டினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அடையாளத்துக்காக மாதக்கணக்கில் அவன் முகத்தையே பார்த்துக் கிடந்தாள். அவள் துரும்பாக இளைத்துப்போவதைப் பொறுக்காமல், பக்கத்து வீட்டுக்காரியைக் காவலுக்கு வைத்துவிட்டு, கொழுந்தன்தான் அவளைப் பாறைக்குக் கூட்டிப்போனான்.

அவன் மேலே ஏறினான். இரண்டு இழுப்பு வந்தது. பழக்கதோஷம், மூன்றாவதற்காக நின்றாள். வரவில்லை. ஏறத் தொடங்கினாள்.

பாதி உயரத்தில் விரல் நுழைகிற ஒரு வெடிப்பு. கன்னத்தை உப்பு ஈரக் கல்லில் வைத்து மூச்சு வாங்கினாள். அப்போது அலைச்சத்தம் எங்கோ விலகிப்போயிற்று. தன் கை எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடலும், கட்டிலில் கிடக்கிறவனும், தானும் ஒரே மூச்சில் ஏறி இறங்குவதுபோல் இருந்தது. தன்னை ஏதோ ஒன்று சுமக்கிறது, கீழே விடாது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. அந்த நொடியில் இடுப்புக் கயிற்றில், குட்டியாக, ஓர் இழுப்பு.

உச்சிக்குப் போனதும் கேட்டாள். “நடுவுல நீ இழுத்தியா, தம்பி?”

“இல்லையே அண்ணி. தொய்வை எடுத்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அவனுக்குப் பயமாகிவிட்டது. வழியெல்லாம் அந்த மூன்றாவது இழுப்பைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றின் ஒரு முனையைப் புருஷன் உள்ளங்கையில் வைத்தாள். பாறையில் ஒருவரையொருவர் பார்க்க முடியாதல்லவா? அதேபோல், மறுமுனையோடு கதவைச் சுற்றி அடுப்படிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். கொழுந்தன் கட்டிலோரம் நின்றான். மெதுவாக இரண்டு தரம் இழுத்தாள். காத்திருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்தாள்.

வெகுநேரம் கழித்துக் கயிறு அசைந்தது. இரண்டு இழுப்பு. பிறகு குட்டியாக மூன்றாவது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. துணியின் சூட்டை விரலால் அறிகிறவளுக்கு ஒரு கையைத் தெரியாதா?

“வேணாம் தம்பி,” என்றாள். “அது உன் கை.”

அந்தப் பக்கம் கொழுந்தன் விசும்புவது கேட்டது. அவள் உள்ளே போனாள். கயிறு படுக்கை விரிப்பில் விழுந்து கிடந்தது. புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்கவைத்தாள். விட்டதும் அவை விரிந்துகொண்டன. பாறையில் வந்தது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது அவனைத் தேடி இந்த அறைக்கு வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, அவனுக்குக் கஞ்சி ஆற்ற உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற முகங்கள் குறையாமல் இருக்கட்டும். நீங்கள் பிடித்திருக்கிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு கை இருக்கட்டும்.