கோணக்கால் மேப்பிள்

ஜப்பானில் ஓமியா என்ற ஊரில், தொட்டியில் குட்டை மரம் வளர்க்கும் போன்சாய்த் தோட்டக்காரர்களிடம் மரத்தை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "உங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன்." தலை குனிந்து சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். என்ன வேண்டும் என்று தோட்டக்காரரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. நல்ல மரியாதைதான், போங்கள்!

அந்த வசந்தத்தில் ஒகிமோத்தோ அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டாக்சியை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே அதைத்தான் சொன்னார். டிரைவர் இறங்கிவந்து, தொட்டியில் வளர்ந்த மேப்பிள் மரத்தைத் தோட்டக்காரி மிட்சுயோவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைப்பக்கம் பார்த்தால் கண் எடுக்க முடியாத மரம். அடிப்பக்கம்தான் கண்ணராவி. ஒரு பக்கம் வேரே இல்லை. மறுபக்கம் ஒரே ஒரு தடித்த வேர், கோணல்மாணலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மிட்சுயோவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. அதற்கு மேலே அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்து, ஈரப்பாசி வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்டிவிட்டால், அங்கே புதுவேர் இறங்கும். அப்புறம் கீழே அறுத்தெடுத்தால் நாலு பக்கமும் வேரோடு மரம் நிற்கும். வேர் இறங்காவிட்டால் செத்துப்போகும், அவ்வளவுதான்.

"அவங்களைக் கேட்டியா?" என்றார் புருஷன் தெத்சுரோ.

"ஒப்படைச்சுட்டேன்னு சொன்னாங்களே."

"எங்கம்மாகூட என்னை உன்கிட்ட அப்படித்தான் ஒப்படைச்சாங்க. அதுக்காக என் காலை வெட்டிருவியா?"

"உங்க கால் நேராத்தானே இருக்கு. போய் பாசியை நனைச்சுட்டு வாங்க."

ஜூன், ஜூலை மழைக்காலம் முடியும்வரை மிட்சுயோ நன்றாகத் தூங்கினாள். வெயில் ஏறி, இலை ஓரங்கள் கருக ஆரம்பித்தபோதுதான் தூக்கம் போயிற்று. பட்டையை உரித்த மரம், தண்ணீர் மேலே ஏறுகிறதா இல்லையா என்று யார் கண்டது? பிளாஸ்டிக் தாளின் வழியே எட்டிப் பார்ப்பாள். மூன்று பக்கம் வெள்ளை வெள்ளையாக வேர் தெரிந்தது. சுவர்ப்பக்கம் வெறும் பாசிதான். சோறு வெந்துகொண்டிருக்கும்போதுகூட அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

"நீ பாக்குற பார்வையிலேயே அது பயந்து வேர் விடாது" என்றார் தெத்சுரோ. மிட்சுயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் வீட்டு மரம். செத்துவிட்டால் அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

செப்டம்பர் தொடக்கத்தில் போன் வந்தது.

"வீட்டுக்கு வந்துட்டேம்மா. அடுத்த வாரக் கடைசியில வந்து மரத்தை எடுத்துக்கட்டுமா?"

இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்ல மிட்சுயோ வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால்? "வாங்க, வாங்க" என்றுவிட்டாள்.

"வேர் இன்னும் வெள்ளையா இருக்கு. முத்திப் பழுப்பாகட்டும், அப்புறம் அறுக்கலாம். உண்மையைச் சொல்லிரு, மிட்சுயோ" என்றார் தெத்சுரோ.

"கட்டோடயா அந்த அம்மா கையில குடுக்கச் சொல்றீங்க? மரத்தைப் பிடிங்க, ஆடாம."

அவள் ரம்பத்தை இழுத்தாள். மரம் தனியே வந்தது. இளவேர் தொட்டால் ஒடியும் என்பதால் பாசியைப் பிரிக்காமல் அப்படியே புதுத்தொட்டியில் வைத்துக் கம்பியால் கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் இலையெல்லாம் தொங்கிப்போயிற்று. மிட்சுயோ நிழலில் வைத்துப் புகைபோலத் தண்ணீர் தெளித்தாள், காலையும் மாலையும் தெளித்தாள், வேறு வேலையே பார்க்கவில்லை. நுனி இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கடைசி இலையும் நிமிர்ந்த அன்று அவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நிம்மதியோடுதான், அந்த அம்மாள் வருவதாகச் சொன்ன நாளில் வாசலுக்குப் போனாள். டாக்சிக் கதவு திறந்தது. முதலில் கைத்தடி வந்தது. பிறகு ஒரு கால். மற்றக் கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்து, தரையை இழுத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர் நேராக்கிரலாம்னாரு" என்று ஒகிமோத்தோ அம்மா சிரித்தார். "ஆகல. பிறந்ததுலேருந்து இப்படியே இருந்த காலு, இப்பப் போயி அவர் பேச்சைக் கேக்குமா?"

மிட்சுயோ அவரை மரத்திடம் கூட்டிப்போனாள்.

ஒகிமோத்தோ அம்மா தடியை ஊன்றி மரத்தின் முன்னால் நின்றார். தலையிலிருந்து அடிவரை பார்த்தார். அடியிலேயே பார்வை நின்றுவிட்டது.

"நல்லா நிக்குது" என்றார். பிறகு, "அந்தக் கோணக்காலு?" என்றார்.

"வெட்டிட்டேங்க. உங்களைக் கேக்காமயே வெட்டிட்டேன்." மிட்சுயோ இடுப்பை மடித்துக் குனிந்தவள் நிமிரவில்லை.

"விக்கிற இடத்துல இதை ஒருத்தரும் சீண்டல. மூலையில ஒதுக்கி வெச்சிருந்தாங்க. அதுக்காகத்தான் வாங்கினேன்."

கோடை முழுக்க மரம் செத்துவிடுமோ என்றே பயந்தவளுக்கு, அது பிழைத்து நிற்கும்போது இப்படி ஒரு அடி விழும் என்று தோன்றவே இல்லை. செத்திருந்தால்கூட மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

தெத்சுரோ கொட்டகைக்குப் பின்னால் போய், அறுத்துவிட்ட அடிக்கட்டையைத் தொட்டியோடு தூக்கிவந்தார். மேலே வெறும் வெட்டுத்தழும்பு. கீழே அதே கோணல் வேர். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புத் துளிர் எட்டிப் பார்த்தது.

ஒகிமோத்தோ அம்மா தடியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

"இது வளர ரொம்ப வருஷம் ஆகுங்க" என்றாள் மிட்சுயோ. "அந்த மரத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. தயவுசெஞ்சு."

"அது உங்க மரம்மா. எவ்வளவு பாடுபட்டிருக்கீங்க, பாத்தாலே தெரியுது. பரவாயில்ல, விடுங்க."

டிரைவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அவர் டாக்சி வரை நடந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மிட்சுயோ நிமிர்ந்திருப்பாள். கார் போன பிறகும் அவள் குனிந்தேதான் நின்றாள்.