வரிக்குதிரை லென்ஸ்

பழைய சோவியத் கேமரா லென்ஸ் பென்னியிடம் வெள்ளி நிறத்தில் ஒன்றும், முழுக் கறுப்பில் ஒன்றும் இருந்தன. இரண்டு நிறமும் பட்டை பட்டையாக வரும் வரிக்குதிரை மாடல் மட்டும் சிக்காமல் வருஷக்கணக்கில் அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அதனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பின் தெரியாத நம்பரிலிருந்து அதன் படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது, அனுப்பியது யார் என்றுகூட அவன் கேட்கவில்லை.

"முன்கண்ணாடிய க்ளோசப்ல அனுப்புங்க. ஸ்க்ராட்ச், பூஞ்சை இருக்கான்னு பாக்கணும்" என்று எழுதினான்.

"இருங்க சார், வெளிச்சத்துல வச்சு எடுக்கறேன்."

உடனே படம் வந்தது. பென்னி அதை விரலால் விரித்துப் பெரிதாக்கினான். ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடியின் ஊதாப் பூச்சு புத்தம் புதிதாக மின்னியது. எதிரே இருந்த தெரு அதில் குட்டியாகத் தெரிந்தது. ஒரு பச்சை கேட், அதன்மேல் காயப்போட்ட சிவப்புக் கால்மிதி. பக்கத்தில் மஞ்சள் நைட்டியில் ஒரு பெண் குழாயடியில் குனிந்திருந்தாள்.

வாசலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தக் கால்மிதியை இப்போதுதான் அவன் மனைவி கிறிஸ்டினா துவைத்து கேட்டில் போட்டாள். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில் என்றுகூட அவன் இந்த ஆளிடம் சொல்லவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது.

"நல்லா பாத்துக்கினீங்களா சார்?"